தலைக்காயத்தோடு திரும்பிய படைவீரர் வீட்டுக்குக் கைகொடுக்கப் போகிறவர்களுக்கு

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதாலோ என்னவோ, நீலகிரியில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. குன்னூர், கோத்தகிரி பக்கத்து ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் பென்ஷன் வாங்கும் நாயக், ஹவில்தார், சுபேதார்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தலையில் அடிபட்டுத் திரும்பியவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மனைவி. சில வீடுகளில் வயதான அம்மா, சில வீடுகளில் படிப்பைப் பாதியில் விட்ட மகள்.

இதை அவர்களுக்காக எழுதவில்லை. அவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே மனப்பாடம். பக்கத்து வீட்டுக்காரர், கொழுந்தன், நாத்தனார், பழைய யூனிட் நண்பர் என்று உதவ மனமிருந்தும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. பார்த்துக்கொள்கிறவர் சொல்வதை நம்புங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். நம்பிக்கை இல்லாமல் போய் நின்றால் உதவி உபத்திரவமாகிவிடும்.

தலைக்காயம் என்றதும் குண்டு பாய்ந்த தழும்பைத் தேடுகிறோம். பல நேரம் தழும்பே இருக்காது. கண்ணிவெடி பக்கத்தில் வெடித்தால் அந்த அதிர்வலையே மூளையைக் குலுக்கிவிடும். வண்டி பள்ளத்தில் கவிழ்ந்திருக்கலாம், பனியில் வழுக்கி விழுந்திருக்கலாம். சியாச்சின் மாதிரி உயரங்களில் அடியே படாமல் மூளையில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு. ஆள் நடப்பார், கைகுலுக்குவார், மீசையை முறுக்கிக்கொண்டு டீக்கடைக்கும் வருவார். ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் கோபத்தை அடக்குவது, வேலையைத் தொடங்குவது, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது. அங்கே அடிபட்டால் குணமே மாறும். குளிக்கச் சொன்னால் துண்டோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நாம் அதைச் சோம்பல் என்கிறோம். சபையில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவார், குடித்திருக்கிறார் என்கிறோம். சின்ன விஷயத்துக்குத் தட்டை வீசுவார், பத்து நிமிஷத்தில் மறந்துபோய் ‘ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?’ என்று மனைவியைக் கேட்பார். அவருக்கு மறந்துவிட்டது. மனைவிக்கு எப்படி மறக்கும்?

தனக்குக் குறை இருப்பதே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஓர் அடையாளம். ‘எனக்கு ஒண்ணுமில்லை, இவதான் பெரிசு பண்றா’ என்பார், மனதாரச் சொல்வார். அதோடு, வெளியாள் வந்தால் அரைமணி நேரம் தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜோராகப் பேசுவார். நாம் டீ குடித்துவிட்டு ‘நல்லாத்தானே இருக்கார்’ என்று கிளம்பிவிடுவோம். அந்த அரைமணி நேரம் இழுத்துப் பிடித்த களைப்பு நாம் போன பிறகுதான் வெடிக்கும். ஊர் முழுக்க இப்படி நல்ல அரைமணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மாவைக் குறை சொல்கிறது. நீங்கள் வாசலில் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை இதுவாக இருக்கட்டும்: ‘நீங்க சொல்றதை நான் நம்பறேன் அண்ணி.’

2. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று சொல்லாதீர்கள்

யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்பதற்குக் கூச்சம், யோசிப்பதற்கு நேரமில்லை. நாளும் மணியும் போட்டுச் சொல்லுங்கள்: ‘அண்ணி, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்துடறேன். ஒரு மணி வரைக்கும் அண்ணன்கூட இருக்கேன். நீங்க கிளம்புங்க, எங்கேன்னு எனக்குச் சொல்ல வேண்டாம்.’ கடைசி வாக்கியம் முக்கியம். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் ரேஷன் கடைக்குப் போகிறாரா, அக்கா வீட்டில் படுத்துத் தூங்குகிறாரா என்பது நமக்கு வேண்டாத கணக்கு.

வாரம் ஒருநாள் போதும். ஆனால் தவறக்கூடாது. மழை, கல்யாணம் என்று சாக்குச் சொல்லி இரண்டு தடவை விட்டால் மூன்றாம் தடவை நம்ப மாட்டார்கள், நியாயம்தான்.

தனியாக இருப்பதற்கு முன்னால், அந்த அம்மா வீட்டில் இருக்கும்போதே ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மாத்திரை டப்பா எங்கே, எந்தக் கதவு பூட்டியிருக்க வேண்டும், எந்தப் பேச்சை எடுத்தால் அவருக்குச் சுருக்கென்று வரும், கோபம் வருவதற்கு முன்னால் என்ன செய்வார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குக் கால் ஆட ஆரம்பிக்கும், சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மனைவிக்கு அது அத்துப்படி. ஒரு நோட்டில் எழுதி அங்கேயே வையுங்கள், அடுத்து வருகிறவருக்கும் உதவும்.

உட்காரும் நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள். டிவி, பேச்சு, குக்கர் விசில் என்று மூன்று சத்தம் ஒன்றாகக் கேட்டால் அவர் மூளை திணறும். ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும், ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். ‘பட்டாணி உரிச்சுட்டு, பாத்திரத்தை எடுத்து வெச்சுட்டு, கதவைச் சாத்திடுங்க’ என்றால் முதல் பாதியோடு நின்றுவிடும். பட்டாணியை முன்னால் வைத்து, நீங்களும் இரண்டு உரித்தால் அவர் கை தானாகச் சேர்ந்துகொள்ளும். தொடங்குவதுதான் கஷ்டம். தப்பாகச் சொன்னால் வாதாடித் திருத்த வேண்டாம். ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுவார், படுக்க விடுங்கள். மூளைக்காயத்தின் களைப்பு தூங்கினாலும் முழுசாகத் தீராது.

பட்டாளத்துப் பழக்கம் இங்கே நம் பக்கம் நிற்கும். நேற்று யார் வந்தார் என்பது மறந்தவருக்குக்கூட ஐந்தரை மணிக்கு எழுந்து ஷேவ் செய்வது மறக்காது. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு நாள் அட்டவணை மாட்டுங்கள்: எழுவது, மாத்திரை, நடை, சாப்பாடு, ஓய்வு. முடிந்ததைப் பேனாவால் அவரையே அடிக்கச் சொல்லுங்கள். மனைவி சொன்னால் நச்சரிப்பு, அட்டவணை சொன்னால் ஆர்டர். சில வீடுகளில் சண்டை பாதியாகக் குறைந்ததே இதனால்தான்.

3. வலிப்பு வந்தால்

தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு வருவது உண்டு, சிலருக்கு வருஷங்கள் கழித்தும் வரும். அவர் தலைக்குக் கீழே மடித்த துணி வையுங்கள், சுற்றியிருக்கும் பொருட்களை நகர்த்துங்கள், உடம்பைப் பக்கவாட்டில் திருப்புங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ திணிக்க வேண்டாம், வாயில் ஸ்பூன் வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பும் முன்னால் மறுபடி வந்தாலோ, விழும்போது தலையில் அடிபட்டிருந்தாலோ 108. ஹட்டிக்குள் ஆம்புலன்ஸ் எதுவரை வரும், அங்கிருந்து ஆளை யார் தூக்கிப் போவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளை விட்டாலும், ராத்திரி தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும் வலிப்பு எட்டிப் பார்க்கும். மாத்திரையைத் தானாக நிறுத்துவது கூடவே கூடாது.

குடியும் அப்படித்தான், இதை ஊரில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. மிலிட்டரி கேண்டீனில் மாதாமாதம் மதுவுக்குக் கோட்டா இருக்கிறது. அவர் குடிக்கவில்லை என்றாலும் அந்தக் கோட்டா பாட்டிலுக்காகவே சுற்றி வரும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், வாங்கிக் கொடுத்ததற்கு அவருக்கும் ஒரு ‘பெக்’ ஊற்றுவார்கள். அடிபட்ட மூளைக்கு மது வலிப்பையும் கோபத்தையும் சேர்த்தே கொண்டுவரும். அந்தக் கேண்டீன் கார்டை மனைவி எடுத்து வைத்தால் கெட்ட பெயர் அவருக்கு. நீங்கள் பழைய யூனிட் ஆளாக இருந்தால் அந்தப் பேச்சை நீங்கள் பேசுங்கள். கொழுந்தன் சொல்வதைவிட சீனியர் சுபேதார் சொன்னால் எடுபடும்.

4. வீட்டையும் மலையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

நம் ஊர் வீடுகளுக்குப் படிக்கட்டு இல்லாத வழி கிடையாது. பாசி பிடித்த படி, கைப்பிடி இல்லாத சரிவு, மாலையில் இறங்கும் மூடுபனி எல்லாம் சேர்ந்தால் நல்ல ஆளே தடுமாறுவார். இரண்டாவது தடவை தலையில் அடிபட்டால் முதல் தடவையைவிட ஆபத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்தால் ஜிஐ பைப்பில் கைப்பிடி போட்டு, பாசியைத் தேய்த்து, கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு லைட் மாட்டிவிடலாம். ஆயிரம் ஆறுதல் வார்த்தையைவிட அந்தப் பைப் உபயோகம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தலையில் அடிபட்டவர்களுக்கு வாசனை அறியும் சக்தி போய்விடுவது உண்டு. கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது, சோறு தீய்ந்தாலும் தெரியாது. தனியாக இருக்கும் நேரத்தில் சிலிண்டர் வால்வை மூடி வைக்க வேண்டும். குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது எல்லோருக்குமே உயிர் போகிற விஷயம். அதில் வரும் விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

கவாத்துக் கத்தி, அரிவாள் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி வைக்கலாம். செக்யூரிட்டி வேலைக்குத் துப்பாக்கியோடு போகிறவராக இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பைக் சாவியும் அப்படித்தான்.

வழி மறந்து வெளியே போகிறவர் என்றால், இருட்டிய பிறகு காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் ஊர் இது. சட்டைப் பையில் பெயர், போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் இருவருக்கும் சொல்லி வையுங்கள். வனத்துறையினர் விலங்கை விரட்டப் பட்டாசு போடும்போதும், தீபாவளிக்கும், சாவு வீட்டு வெடிக்கும் அவர் பதறிப்போகலாம். ‘பட்டாசுதான்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். தெருப் பையன்களிடம் நேரம் பேசி வைப்பது உங்கள் வேலை.

5. காகித வேலையைத் தோளில் வாங்குங்கள்

என் கணிப்பில், வெளியாள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது. பார்த்துக்கொள்கிறவர் ஒருநாள் வெலிங்டன் போக வேண்டுமென்றால் இரண்டு நாள் ஏற்பாடு வேண்டும். நீங்கள் காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம்.

ஒரு ஃபைல் போடுங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டரான பிபிஓ, மெடிக்கல் போர்டு அறிக்கைகள், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு. எல்லாவற்றுக்கும் மூன்று நகல். மனைவி பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பட்டாள ஆவணத்தில் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லக்ஷ்மி’ என்றிருந்தால் பின்னால் குடும்ப ஓய்வூதியம் வரும் நேரத்தில் அலைய விடும். திருத்தம் அவருடைய படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் மூலம் நடக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது வெலிங்டனிலேயே இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இஎம்இ என்றால் செகந்திராபாத், பீரங்கிப் படை என்றால் நாசிக். எங்கே எழுதுவது என்று புரியாவிட்டால் ஊட்டியில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனு எழுதவும் அனுப்பவும் உதவுவது அவர்கள் வேலை.

அடுத்தது ஊனமுற்றோர் பென்ஷன். காயம் பணியால் வந்தது, அல்லது பணியால் அதிகமானது என்று மெடிக்கல் போர்டு சொல்லியிருக்கிறதா, எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். போர்டு உட்கார்ந்த நாளில் கைகால் நன்றாக இருந்ததால் குறைவாகப் போட்டிருக்கலாம். பிறகு நிலைமை மோசமானால் மறு மதிப்பீடு கேட்கலாம். அதற்கு இந்த வீட்டில் தினமும் என்ன நடக்கிறது என்ற குறிப்பு வேண்டும்: எத்தனை வலிப்பு, எத்தனை தடவை வழி தவறினார், எதற்கெல்லாம் ஆள் வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன நோட்டு இங்கேதான் பணமாகும். 100 சதவீதம் என்று முடிவாகி, எந்நேரமும் துணையாள் வேண்டுமென்று போர்டு பரிந்துரைத்தால், பென்ஷனோடு துணையாள் படி என்று தனியாக ஒரு தொகை உண்டு. தகுதி இருந்தும் கேட்காமல் விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது.

இசிஎச்எஸ் 2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். பொதுவாக வெலிங்டன் பாலிகிளினிக்கில் பார்த்து, ரெஃபரல் வாங்கிக்கொண்டுதான் பட்டியலில் உள்ள கோவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் ரெஃபரல் தேவையில்லை, ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இரண்டு நாளைக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். அந்த போனை நீங்கள் செய்யுங்கள். ஐசியு வாசலில் நிற்பவருக்கு அது ஞாபகம் வராது.

உயிர்ச்சான்று வருஷத்துக்கு ஒருமுறை. பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷ் வழியாகப் பென்ஷன் வருபவர்களுக்கு போனிலேயே முகத்தைக் காட்டிப் பதியலாம். அந்த ஆப் ‘கண் சிமிட்டுங்கள்’ என்று கேட்கும். நம் ஆள் எரிச்சலாகிவிடுவார். காலை வெயிலில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், போனை நீங்கள் பிடித்துக்கொண்டு ‘அண்ணே, என்னைப் பாருங்க’ என்று சொன்னால் முடிந்துவிடும். தபால்காரர் வீட்டுக்கே வந்தும் பதிவு செய்து தருவார்.

இப்போது கையெழுத்து விஷயம். அடிபட்டவரிடம் நிலத்தை எழுதி வாங்கியவர்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர்கள், போனில் ஓடிபி கேட்டு வாங்கியவர்கள் எல்லாம் உண்டு. புரியாமல் போட்ட கையெழுத்தைக் கோர்ட்டில் எதிர்க்கலாம்தான், ஆனால் வருஷங்கள் போகும். அதேபோல் மனைவி அவர் கையெழுத்தைத் தானே போடுவதும் வேண்டாம். பென்ஷன் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் பாதுகாவலரை நியமிக்க வழி இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், எண் 15100.

6. மலை இறங்கும் நாள்

கோவைக்குப் போவதென்றால் ஒரு நாள் போய்விடும். கூட இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் அவரோடு, ஒருவர் வரிசையில். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தால் காலை மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும், அதனால் மாத்திரையை எப்போது கொடுப்பது என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். கேட்க வேண்டியதை ஐந்து வரியில் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அவர் ‘ஒண்ணுமில்லை டாக்டர்’ என்று மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுவார். அவர் முன்னால் சொல்ல முடியாததை மனைவி ஒரு தாளில் எழுதி டாக்டர் மேஜைக்குப் போகும்படி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர்ச் சாலையில் மண் சரியும். 2009 நவம்பர் மண்சரிவு இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு மாத மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும். மூளை, மனநல மருத்துவமனையான பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு பந்திப்பூர் வழியாகப் போகிறவர்கள், ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை அந்தக் காட்டுச்சாலை மூடியிருக்கும் என்பதை வைத்துக் கிளம்புங்கள். ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் நோயாளியோடு குடும்பத்துக்கும் பயிற்சி தருவார்கள், புதிதாக அடிபட்டவர் வீட்டுக்கு அது நல்ல தொடக்கம். ஒவ்வொரு பயிற்சிக்கும் இறங்கிக்கொண்டிருக்க முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

7. பார்த்துக்கொள்கிறவரின் உடம்பு

‘அண்ணன் எப்படி இருக்கார்?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ‘நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?’ என்று கேளுங்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து கதவைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பிரஷர் ஏறும், முதுகு போகும், வாயைத் திறந்தாலே அழுகை வரும். மாதம் ஒருநாள் ராத்திரி முறையை ஒரு கொழுந்தனோ மகனோ எடுத்துக்கொண்டால் அதுவே பெரிய விஷயம். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது.

அடி விழும் வீடு என்றால் ‘பாவம், அவருக்கு மூளையில அடி’ என்று பொறுத்துப்போகச் சொல்லாதீர்கள். காயம் காரணமாக இருக்கலாம், அதனால் அடி வலிக்காமல் போகாது. அவருக்குக் கோபம் ஏறினால் மனைவியும் பிள்ளைகளும் உடனே எந்த வீட்டுக்கு வருவது என்று முடிவு செய்து, அந்த வீடு உங்கள் வீடாக இருந்தால் சாவி ஒன்றைக் கொடுத்து வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. டாக்டரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும், மருந்து மாற்றினால் குறையும் கோபமும் உண்டு.

8. நீங்கள் விலக வேண்டி வந்தால்

முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருக்கும், நாலாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஆரம்பத்திலேயே மூன்று பேராகச் சேர்ந்து முறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை மாற்றலாகிப் போக வேண்டியிருந்தால் சொல்லாமல் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்னால் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி, அடுத்து வருகிறவரை இரண்டு செவ்வாய் உங்களோடு கூட்டிப் போங்கள். புது முகத்தை அவர் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும். நோட்டில் கடைசியாக உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள், ஃபைலில் எந்தக் காகிதம் எங்கே என்று புது ஆள் கேட்பார்.